ஆப்பிரிக்காவைப் பற்றித் தேடத் தொடங்குபவர்களுக்கு: செய்தி, ஆவணம், நூலகம்

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவி ஒருவர் ‘பெனின் வெண்கலச் சிலைகள்’ பற்றிக் கட்டுரை எழுதிக் கொண்டுவந்து காட்டினார். 1897-இல் பிரிட்டிஷ் படை அரண்மனையைச் சூறையாடியது, சிலைகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போனது, இப்போது சில திரும்பி வருவது என்று நன்றாகவே உழைத்திருந்தார். ஆனால் முதல் பத்தியில் பெனின் நாட்டின் மக்கள்தொகையும் தலைநகரும் இருந்தன. வரைபடமும் அந்த நாட்டுடையதே.

அந்தச் சிலைகள் பிறந்த பெனின் அந்த நாடு அல்ல. அது இன்றைய நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் இருக்கும் பெனின் நகரம், அங்கே ஓபா என்ற மன்னர்கள் ஆண்ட அரசு. பக்கத்தில் உள்ள பெனின் என்ற நாட்டுக்கு 1975 வரை தகோமே என்று பெயர். அதற்கும் தனியாக ஒரு கதை உண்டு: அபோமே அரண்மனையிலிருந்து பிரெஞ்சுப் படை எடுத்துச் சென்ற 26 பொருட்களை 2021 நவம்பரில் பிரான்ஸ் திருப்பிக் கொடுத்தது. மாணவி இரண்டு கதைகளையும் ஒன்றாக்கிவிட்டிருந்தார். அவர் படித்த பக்கங்களில் ஒன்றுகூட நைஜீரியாவில் எழுதப்பட்டதில்லை. படித்திருந்தால் முதல் வரியிலேயே தெளிந்திருக்கும்.

இந்தக் கட்டுரை அவரைப் போலத் தொடங்குபவர்களுக்காக. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அந்த ஊரைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் எழுதியதை முதலில் தேடுங்கள், மற்றவர்கள் எழுதியதைப் பிறகு படியுங்கள். அதற்கு எங்கே போவது, எப்படித் தேடுவது என்பதை, பெனின் சிலைகளையே எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பெயரைச் சரிசெய்யுங்கள்

‘ஆப்பிரிக்கப் பண்பாடு’ என்று தேடினால் முகமூடியும் முரசும் சுற்றுலா விளம்பரமும்தான் வரும். 54 நாடுகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளும் உள்ள கண்டம் அது. எனவே கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்: நாடு, மக்கள் அல்லது மொழி, ஊர். நைஜீரியா, எடோ, பெனின் நகரம். கானா, அசாந்தே, குமாசி. கென்யா, லூவோ, கிசுமு. மூன்றும் கையில் இருந்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

அடுத்து, அந்த மூன்று பெயர்களுக்கும் பழைய பெயர் இருந்ததா என்று பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1957-க்கு முந்தைய ஆவணங்களில் கானா நாடு கிடைக்காது, ‘கோல்ட் கோஸ்ட்’ என்றுதான் இருக்கும். ஜாம்பியா 1964 வரை வடக்கு ரொடீசியா. மலாவி அதே ஆண்டு வரை நியாசாலாந்து. ஜிம்பாப்வே 1980 வரை ரொடீசியா. புர்கினா ஃபாசோ 1984 வரை அப்பர் வோல்ட்டா. போட்ஸ்வானா 1966 வரை பெச்சுவானாலாந்து. காங்கோ ஜனநாயகக் குடியரசு 1971 முதல் 1997 வரை ஜயர். சுவாசிலாந்து 2018-இல் எஸ்வாட்டினி ஆனது. பழைய பெயரில் ஒரு முறை, புதிய பெயரில் ஒரு முறை என இரண்டு முறை தேட வேண்டும்.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். தூத்துக்குடியைப் பற்றிப் பழைய ஆங்கில ஆவணங்களில் தேடுபவர் ‘டூட்டிகோரின்’ என்று தேடாவிட்டால் வெறுங்கையோடு திரும்புவார் அல்லவா? அசாந்தே மக்கள் பழைய நூல்களில் ‘அஷாந்தி’. இக்போ மக்கள் ‘இபோ’. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி மக்கள் பிரெஞ்சு நூல்களில் ‘பேல்’, தங்கள் மொழியில் ‘ஃபுல்பே’. மூன்று பெயர்களும் ஒரே மக்களைக் குறிக்கின்றன என்று தெரியாமல், மூன்று இனங்கள் என்று எழுதிவிட்டவர்கள் உண்டு.

இரண்டாம் படி: செய்தியை அந்த நாட்டுப் பத்திரிகையில் படியுங்கள்

பொதுவாக எங்கே தொடங்குவது என்று கேட்டால் ஆல்ஆப்பிரிக்கா தளத்தைச் சொல்வேன். கண்டம் முழுவதிலும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைகள், செய்தி நிறுவனங்களின் செய்திகளை ஒரே இடத்தில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தருகிறது. நாடுவாரியாகப் பிரித்திருப்பார்கள். சில செய்திகளை முழுதாகப் படிக்கச் சந்தா கேட்கும். அப்போது தலைப்பையும் பத்திரிகையின் பெயரையும் குறித்துக்கொண்டு, அந்தப் பத்திரிகையின் சொந்தத் தளத்துக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் அங்கே இலவசமாகவே கிடைக்கும்.

ஆனால் தொகுப்புத் தளத்திலேயே நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு பத்திரிகைகளையாவது பழகிக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு ஊரிலிருந்து வருவதாக இருந்தால் நல்லது. நைஜீரியாவை எடுத்துக்கொண்டால், பஞ்ச், வேன்கார்ட் போன்றவை தெற்கே லாகோஸைச் சார்ந்தவை. டெய்லி டிரஸ்ட் வடக்கின் குரலோடு எழுதும். பிரீமியம் டைம்ஸ் இணையத்தில் மட்டும் வருவது, புலனாய்வுச் செய்திகளுக்குப் பேர்போனது. பெனின் நகரிலிருந்தே வரும் நைஜீரியன் அப்சர்வர், மாநில அரசின் பத்திரிகை. அரசுப் பத்திரிகை என்பதால் அரசைக் குறைசொல்லும் செய்தியை அதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அரண்மனை விழா, தெருப் பெயர், உள்ளூர்ப் பெரியவர்களின் பட்டங்கள் போன்றவை அதில் பிழையில்லாமல் இருக்கும். எந்தப் பத்திரிகையை எதற்கு நம்புவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

இதனால் என்ன வேறுபாடு என்பதற்கு ஒரு செய்தி. 2023-இல் பதவி முடியும் தறுவாயில் இருந்த நைஜீரியக் குடியரசுத் தலைவர் புஹாரி, திரும்பி வரும் பெனின் கலைப்பொருட்களுக்கு உரிமையாளர் ஓபாவே என்று அரசாணை வெளியிட்டார். ஐரோப்பியச் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது ‘இனி பொதுமக்கள் அவற்றைப் பார்க்க முடியுமா’ என்ற கவலை. நைஜீரியப் பத்திரிகைகளைத் திறந்தால் கேள்வியே வேறு: பொருட்கள் அரண்மனைக்கா, மாநில அரசுக்கா, நடுவண் அரசுக்கா, எந்த அருங்காட்சியகத்தில் வைப்பது? ஊரில் நடக்கும் சர்ச்சை அது. வெளியூர்ச் செய்தியை மட்டும் படித்தவருக்கு இந்தச் சர்ச்சையே கண்ணில் படாது.

மற்ற நாடுகளுக்குச் சில பெயர்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கென்யாவுக்கு நேஷன், ஸ்டாண்டர்ட். இந்த ஸ்டாண்டர்டை 1902-இல் மொம்பாசாவில் தொடங்கியவர் கராச்சியிலிருந்து போன வணிகர் ஏ. எம். ஜீவன்ஜி. தான்சானியாவுக்கு ஆங்கிலத்தில் சிட்டிசன், சுவாஹிலியில் முவானாஞ்சி. தென்னாப்பிரிக்காவுக்கு மெயில் அண்ட் கார்டியன், டெய்லி மேவரிக். எத்தியோப்பியாவுக்கு அடிஸ் ஸ்டாண்டர்ட். கானாவுக்கு டெய்லி கிராஃபிக். பிரெஞ்சு பேசும் நாடுகளுக்கு, 1960-இல் துனிஸில் தொடங்கிப் பாரிசுக்கு இடம்பெயர்ந்த ழன் அஃப்ரிக் இதழ்.

கண்டம் முழுவதையும் வாரத்துக்கு ஒரு முறை பார்க்க விரும்பினால் ‘தி கான்டினென்ட்’ இதழைப் பரிந்துரைக்கிறேன். 2020 ஏப்ரலில், பெருந்தொற்று ஊரடங்கு நேரத்தில், வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதற்கென்றே தொடங்கப்பட்டது. பி.டி.எஃப். கோப்பாக வரும், கைப்பேசித் திரைக்கு ஏற்ற அமைப்பு, காசு கிடையாது. ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் தங்கள் ஊரிலிருந்து எழுதுவதை இவ்வளவு எளிதாகக் கையில் தரும் இதழ் வேறொன்றை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை காப்பியோடு படித்துப் பழகிவிட்டால் ஆறே மாதத்தில் பெயர்களும் ஊர்களும் தானாகப் பிடிபடும்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். பி.பி.சி. 1957 முதலே ஹவுசாவிலும் சுவாஹிலியிலும் சோமாலியிலும் ஒலிபரப்பி வருகிறது. 2017, 2018-இல் அம்ஹாரிக், ஒரோமோ, திக்ரின்யா, இக்போ, யொரூபா, ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் கலந்த மேற்கு ஆப்பிரிக்கப் பிட்ஜின் ஆகியவற்றையும் சேர்த்தது. ஜெர்மனியின் டி.டபிள்யூ.வும் பிரான்ஸின் ஆர்.எஃப்.ஐ.யும் ஹவுசா, சுவாஹிலி சேவைகளை நடத்துகின்றன. கூகுள் மொழிபெயர்ப்பில் இவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றிப் படியுங்கள். நேரே தமிழுக்கு மாற்றினால் பெயர்கள் சிதைந்துவிடுகின்றன. மேற்கோளாக எடுத்தாள்வதற்கு இந்த மொழிபெயர்ப்பு போதாது, விஷயம் என்ன என்று புரிந்துகொள்ளப் போதும். பிட்ஜின் பக்கத்தை மட்டும் மொழிபெயர்க்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிடும், மக்கள் பேசும் நடையும் காதில் விழும்.

தேடும்போது ஒரு சின்ன உத்தி. கூகுளில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்த நாட்டின் இணைய முடிவைச் சேருங்கள். நைஜீரியாவுக்குப் புள்ளி ‘என்ஜி’, கென்யாவுக்குப் புள்ளி ‘கேஇ’, கானாவுக்குப் புள்ளி ‘ஜிஹெச்’, தென்னாப்பிரிக்காவுக்குப் புள்ளி ‘இஸட்ஏ’. பிறகு ஓர் இடைவெளி விட்டு உங்கள் தேடல் சொல். அந்த நாட்டு முகவரி உள்ள தளங்கள் மட்டும் வரும். பல பத்திரிகைகள் ‘காம்’ என்று முடியும் முகவரி வைத்திருப்பதால் எல்லாம் இதில் அகப்படாது. பல்கலைக்கழகம், அரசுத் துறை, உள்ளூர் அமைப்புகளின் பக்கங்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும்.

பத்திரிகையே இல்லாத இடங்களும் உண்டு. எரித்திரியாவில் 2001 செப்டம்பரில் தனியார் பத்திரிகைகள் அனைத்தையும் அரசு மூடியது, ஆசிரியர்களைச் சிறையில் அடைத்தது. அந்த நாட்டைப் பற்றி அறிய, நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் பாரிசிலிருந்து நடத்தும் ரேடியோ எரேனா போன்றவற்றைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சூடானுக்கு, நெதர்லாந்திலிருந்து இயங்கும் ரேடியோ தபங்கா. காங்கோவுக்கு ரேடியோ ஒகாப்பி, 2002-இல் ஐ.நா. ஆதரவுடன் தொடங்கியது. போர், பஞ்சம், இடப்பெயர்வு பற்றிய அறிக்கைகளுக்கு ஐ.நா.வின் ரிலீஃப்வெப்பில் நாடுவாரியாகத் தேடலாம்.

மூன்றாம் படி: சரிபார்க்காமல் எழுதாதீர்கள்

ஆப்பிரிக்காவைப் பற்றிய பொய்ச் செய்திகள் தமிழ் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் சுற்றுகின்றன. வேறு நாட்டுப் படம், பத்தாண்டு பழைய காணொளி, யாரும் சொல்லாத பொன்மொழி. 2012-இல் ஜொகானஸ்பர்கில் தொடங்கிய ஆப்பிரிக்கா செக், கண்டத்தின் முன்னோடி உண்மை சரிபார்ப்பு அமைப்பு. நைஜீரியா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளிலும் அதற்கு அலுவலகம் உண்டு. கென்யாவில் பெசாசெக், நைஜீரியாவில் துபாவா ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு, முதலில் எங்கே வந்தது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

‘ஆப்பிரிக்கர்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்று எழுதத் தோன்றும்போது ஆஃப்ரோபாரோமீட்டர் தளத்துக்குப் போங்கள். 1999 முதல் பல நாடுகளில் வீடுவீடாகப் போய், மக்களின் சொந்த மொழியிலேயே கேள்வி கேட்டு, தேர்தல், ஊழல், தண்ணீர், வேலை, பெண்கள் நிலை பற்றிய கருத்துகளைத் திரட்டுகிறார்கள். விவரங்கள் இலவசம். ஒரே கேள்விக்குக் கானாவின் பதிலும் ஜிம்பாப்வேயின் பதிலும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்த்த பிறகு ‘ஆப்பிரிக்கர்கள்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுத உங்களுக்கு மனம் வராது.

நான்காம் படி: பண்பாட்டைத் தேட, பொருளிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். பண்பாடு என்பது படித்து முடிக்கும் தலைப்பு அல்ல. ஒரு பொருளை, ஒரு பாட்டை, ஒரு சமையலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதுதான் வழி.

மாணவியை நான் முதலில் அனுப்பிய இடம் டிஜிட்டல் பெனின். 2022 நவம்பரில் தொடங்கியபோது, 20 நாடுகளின் 131 நிறுவனங்களில் சிதறிக் கிடக்கும் 5,246 பொருட்களை ஒரே தளத்தில் சேர்த்திருந்தார்கள். எந்த அருங்காட்சியகத்தில் எத்தனை என்று வரைபடத்தில் தெரியும். பொருளைச் சொடுக்கினால் அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு, கிடைத்த அளவுக்கு வரும். 1897 என்ற ஆண்டு திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது அந்தக் கொள்ளையின் அளவு மனதில் இறங்குகிறது. அந்த ஆண்டு அரியணையிலிருந்து இறக்கப்பட்ட ஓபா ஒவொன்ராம்வென், கலபார் நகருக்கு நாடுகடத்தப்பட்டு 1914-இல் அங்கேயே இறந்தார்.

அந்தத் தளத்தில் எனக்கு மிகப் பிடித்தவை ‘எயோ ஓட்டோ’, ‘இட்டான் எடோ’ என்ற இரு பகுதிகள். முதலாவதில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் எடோ மொழியில் என்ன பெயர், எதற்குப் பயன்பட்டது என்று ஊர்க்காரர்களே விளக்குகிறார்கள். இரண்டாவது வாய்மொழி வரலாறு. ஐரோப்பிய அருங்காட்சியகத்தின் அட்டையில் வெறும் ‘தலை, வெண்கலம்’ என்று இருப்பது, எடோ மொழியில் முன்னோர் பலிபீடத்தில் வைக்கும் நினைவுத் தலையாக உயிர் பெறுகிறது. நம் ஊர்க் கோயில் உற்சவர் ஒருவரை வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் ‘நடனமாடும் ஆண் உருவம்’ என்று எழுதிவைத்தால் என்ன இழக்கிறோமோ அதுவே அங்கும் இழக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் அங்கே தெரியவரும்: ‘வெண்கலம்’ என்று அழைக்கப்பட்டாலும் இவற்றில் பல பித்தளை வார்ப்புகள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றும் முறை. சுவாமிமலை ஸ்தபதிகளைப் பார்த்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெனின் நகரின் இகுன் தெருவில் வார்ப்புக்காரர்களின் குழு இன்றும் வேலை செய்கிறது. ‘இகுன் தெரு’ என்று ஆங்கிலத்தில் காணொளித் தளங்களில் தேடுங்கள், அவர்கள் வேலை செய்வதை அருகிலிருந்து பார்ப்பதுபோலப் பார்க்கலாம்.

இசை என்றால் தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பன்னாட்டு ஆப்பிரிக்க இசை நூலகம். 1954-இல் ஹியூ டிரேசி நிறுவியது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்த பாடல்கள் அங்கே இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். கேட்கும்போது, பாடியவர் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அதையும் உங்கள் கட்டுரையில் எழுதுங்கள்.

சுவடிகளுக்கு இரண்டு இடங்கள். மாலி நாட்டின் திம்புக்து நகரச் சுவடிகளை, 2012-இல் ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்தபோது, அப்தெல் காதர் ஹைதாரா என்ற நூலகரும் ஊர்க் குடும்பங்களும் இரும்புப் பெட்டிகளில் அடைத்துத் தலைநகர் பமாகோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். அவற்றில் ஏராளமானவற்றைப் படமெடுத்து, அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள ஹில் அருங்காட்சியகச் சுவடி நூலகம் தன் இணையப் படிப்பறையில் வைத்திருக்கிறது. கணக்கு ஒன்றைத் தொடங்கினால் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். இரண்டாவது, பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் ‘அழியும் ஆவணங்கள் திட்டம்’. செனகலில் அரபு எழுத்தில் உள்ளூர் மொழியை எழுதிய அஜமி சுவடிகள், மாலியின் ஜென்னே நகரச் சுவடிகள் என்று பல தொகுதிகள் இதில் உண்டு. 2023 அக்டோபரில் இந்த நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலால் அதன் சேவைகள் நீண்டகாலம் முடங்கிக் கிடந்தன. எனவே எதைப் பார்த்தாலும் அடையாள எண்ணைக் குறித்து, பயன்பாட்டு விதி அனுமதித்தால் படத்தையும் சேமித்துவிடுங்கள்.

விழா, நெசவு, சமையல் என்றால் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் நாடுவாரியாகத் தேடலாம். செனகலின் மீன்சோறான செபுஜென்னும் காங்கோலிய ரும்பாவும் 2021-இல் சேர்ந்தன, கானாவின் கென்ட்டே நெசவு 2024-இல். அங்கே படத்தையும் காணொளியையும்விட, அந்த நாடு அனுப்பிய விண்ணப்பக் கோப்பைத் திறந்து படியுங்கள். எந்த ஊரில், எந்தக் குடும்பங்கள், யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

தமிழருக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று ‘டிரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் கரைசேர்ந்தது. அவர்கள் வழித்தோன்றல்களைப் பற்றித் தேடுபவர்களுக்கு, குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையமும், ஒளிப்படக் கலைஞர் ஒமர் பாட்ஷா தொடங்கிய தென்னாப்பிரிக்க வரலாற்று இணையத்தளமும் பெரிய சுரங்கங்கள். 1903-இல் டர்பன் அமைந்த நட்டால் பகுதியில் காந்தி தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ முதலில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. அதன் இதழ்களைக் காந்தி மரபுரிமைத் தளத்தில் படிக்கலாம். அதே 1903-இல், அதே நட்டாலில், ஜான் டூபே சூலு மொழியில் ‘இலாங்கா’ பத்திரிகையைத் தொடங்கினார். டூபேயின் பள்ளியும் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பும் இனாண்டா பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. ஒன்றைப் படிப்பவர்கள் மற்றதையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஐந்தாம் படி: ஆய்வுக் கட்டுரைகள்

பணம் கொடுக்காமலே நிறையப் படிக்கலாம். ஆஜோல் என்று சுருக்கி அழைக்கப்படும் ஆப்பிரிக்க ஆய்விதழ் இணையம், 1998 முதல் ஆப்பிரிக்காவிலேயே வெளியாகும் ஆய்விதழ்களை ஒரே இடத்தில் தருகிறது. அவற்றில் பல வெளிநாட்டுத் தேடுபொறிகளில் மேலே வராதவை. நைஜீரியாவின் இபாதானிலோ உகாண்டாவின் கம்பாலாவிலோ இருக்கும் பேராசிரியர் தன் ஊரைப் பற்றி எழுதியதைப் படிக்க இதைவிட நேரடியான வழி கிடையாது. செனகலின் தாக்கர் நகரில் 1973 முதல் இயங்கும் கோடெஸ்ரியா என்ற சமூக அறிவியல் ஆய்வு அமைப்பின் வெளியீடுகளையும் பாருங்கள். நெதர்லாந்தின் லைடன் ஆப்பிரிக்க ஆய்வு மைய நூலகம் குறிப்பிட்ட தலைப்புகளுக்கான வாசிப்புத் தொகுப்புகளை இணையத்தில் தருகிறது. புதிதாக வருபவருக்கு அது நல்ல வாசல்.

ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பான ஜேஸ்டோரில் தனிநபர் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். யாருக்கும் திறந்திருக்கும் ஆய்விதழ்களும் உண்டு. 2023-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஆய்வு ஒன்று, பெனின் வார்ப்புகளுக்கான உலோகத்தில் ஒரு பகுதி ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதித் தாதுவிலிருந்து வந்தது என்று காட்டியது. போர்ச்சுகீசியர் முதலானோர் வணிகத்தில், அடிமை வணிகம் உட்பட, நாணயமாகக் கொடுத்த ‘மனில்லா’ என்ற வளையங்களை உருக்கித்தான் சிலை வார்த்திருக்கிறார்கள். மாணவியின் கட்டுரையில் பிறகு மிக வலுவாக நின்ற பத்தி இதை வைத்து எழுதியதுதான்.

வரலாற்றுக்கு அடிப்படை நூல் என்றால் யுனெஸ்கோவின் எட்டுத் தொகுதி ஆப்பிரிக்கப் பொது வரலாறு. 1964-இல் தொடங்கிய பணி. ஆப்பிரிக்க அறிஞர்கள் பெரும்பான்மையாக இருந்து எழுதியது. யுனெஸ்கோவின் மின்னூலகத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள், மலைத்துவிடுவீர்கள். பொருளகராதியில் உங்கள் மக்களின் பெயரைத் தேடி, அந்தப் பக்கங்களை மட்டும் எடுங்கள்.

நீங்கள் அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இருந்தால், 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் சுமார் 13,000 ஆய்விதழ்களைப் படிக்க முடியும். உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்காத காரணத்தாலேயே பலர் பயன்படுத்துவதில்லை. இந்தியாவில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையத்தளம். 1955-இல் தொடங்கிய தில்லிப் பல்கலைக்கழக ஆப்பிரிக்க ஆய்வுத் துறை, 1971-இல் தொடங்கிய மும்பைப் பல்கலைக்கழக ஆப்பிரிக்க ஆய்வு மையம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மையம் ஆகியவற்றில் எழுதப்பட்டவற்றையும் அங்கே தேடிப் பாருங்கள்.

ஆறாம் படி: நூலகத்துக்குப் போங்கள்

இணையத்தில் தேடுபவர் தேடியதை மட்டும் பார்க்கிறார். அலமாரி முன் நிற்பவர், தேடாத புத்தகத்தையும் பார்க்கிறார். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் என எங்கே போனாலும் டூயி எண்களை, அதாவது நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க நூலகங்கள் இடும் எண்களை, கையில் வைத்துக்கொள்ளுங்கள். 960 ஆப்பிரிக்க வரலாறு. 962 எகிப்தும் சூடானும். 963 எத்தியோப்பியா. 966 மேற்கு ஆப்பிரிக்கா, அதில் 966.7 கானா, 966.9 நைஜீரியா. 967 நடு ஆப்பிரிக்காவும் கிழக்கும், அதில் 967.62 கென்யா. 968 தென்னாப்பிரிக்காவும் அதைச் சுற்றிய நாடுகளும். ஆப்பிரிக்க மொழி இலக்கியம் 896. நாட்டார் கதைகள் 398.2. கலை நூல்கள் 700-களில் தனியே இருக்கும் என்பதால், பெனின் சிலைகளைத் தேடுபவர் 966.9-இல் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது.

அலமாரியில் கிடைக்கும் புத்தகம் 1960-களில் அச்சானதாக இருந்தால் ஒதுக்க வேண்டாம். அன்றைய மாவட்ட அதிகாரியோ மிஷனரியோ எழுதியதாக இருந்தாலும் ஊர்ப் பெயர்களும் சடங்குகளின் வரிசையும் அதில் இருக்கலாம். ‘காட்டுமிராண்டி’ போன்ற அவர்களது சொற்களை மட்டும் உங்கள் எழுத்துக்குள் விடாதீர்கள். அதே நூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் நூற்பட்டியலைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மூன்று மாத வேலை அதில் இருக்கும். அந்த நூல்கள் உலகில் எங்கே உள்ளன என்று நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் பார்த்து, உங்கள் நூலகம் டெல்நெட் என்ற நூலக வலையமைப்பில் உறுப்பினரா, நூல்களை இரவல் வாங்கித் தருமா என்று விசாரியுங்கள்.

வெளிநாட்டு நூலகங்களுக்கும் எழுதத் தயங்காதீர்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1954 முதல் இயங்கும் ஹெர்ஸ்கோவிட்ஸ் நூலகம் ஆப்பிரிக்காவுக்கென்றே தனியாக உள்ள நூலகங்களில் மிகப் பெரியது. ஆசியா, ஆப்பிரிக்கா பற்றிய நூல்களுக்குப் பேர்போன லண்டனின் சோவாஸ் நூலகத்துக்கும் எழுதலாம். நூலின் பெயர், பக்கம், எதற்காக வேண்டும் என்பதை நான்கே வரியில் எழுதுங்கள். ‘ஆப்பிரிக்கா பற்றித் தகவல் வேண்டும்’ என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. ‘இகுன் தெரு வார்ப்புக்காரர்களைப் பற்றி 1950-க்கு முந்தைய ஒளிப்படங்கள் உங்களிடம் உள்ளனவா’ என்று எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

கடைசிப் படி: குறித்துவைப்பதும் பெயர் எழுதுவதும்

படித்த ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரங்களை நோட்டில் எழுதுங்கள்: யார் எழுதியது, எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில், நீங்கள் என்றைக்குப் பார்த்தீர்கள். ஆப்பிரிக்கப் பத்திரிகைத் தளங்கள் பணநெருக்கடியால் அடிக்கடி முகவரி மாறும், பழைய செய்திகள் காணாமல் போகும். முக்கியமான பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் நீங்களே சேமித்துவைக்கலாம். முகவரியை ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே படிக்காதீர்கள். 2025 மே மாதம் மறைந்த கென்ய எழுத்தாளரை நாம் ‘கூகி வா தியாங்கோ’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். கிக்குயு மொழியில் அந்தப் பெயரின் உயிரெழுத்துகள் ‘ஓ’வுக்கும் ‘ஏ’வுக்கும் நெருங்கியவை, தொடக்க ஒலியில் மூக்கொலியும் சேர்ந்திருக்கிறது. ‘ங்கோகே’ என்று எழுதினால் இன்னும் அருகில் போகிறோம். ஆங்கிலேயர் விழுங்கிவிடும் அந்த ஒலிக்குத் தமிழில் ‘ங’ இருக்கிறது. எனவே எந்தப் பெயரையும் எழுதும் முன், அந்த மொழி பேசுபவர் அதைச் சொல்லும் வானொலிப் பதிவையோ காணொளியையோ தேடி இரண்டு முறை கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.